தூக்கி வைத்த முகமூடி

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் ‘பொறி’ என்று பெயர். ஓரிடத்தில் நிற்கமாட்டார். இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் வேலை. ஞாயிறு தவறாமல் ஓவியச் சங்கத்துக்குப் போய் வரைவார். “பென்சிலக் கட்டிக்கிட்டவருக்கு என்னை எதுக்குக் கட்டிவெச்சாங்க?” என்பாள் அக்கா. ஆனால் வண்ணம் அப்பிய சட்டைகளை அவளேதான் ஊறவைத்துத் துவைப்பாள்.

இந்தக் கோடையில் சங்கத்தின் கண்காட்சி அருங்காட்சியகத்தில் நடந்தது. மாமாவின் படம் ஒன்று தேர்வாகிவிட்டது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அருங்காட்சியகச் சுவரில் முதலில் ஏறியது அவர். அழைப்பிதழை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

திறப்பு நாளன்று மதியம் இருவரும் போனோம். பெரிய கூடம். பழைய நாணயப் பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சுவர் முழுக்கப் படம் மாட்டியிருந்தார்கள். மாமாவின் படத்தில் அவருடைய மேஸ்திரி குனிந்து இரும்புக்கு வெல்டிங் ராடு வைக்கிறார். பொறி தெறிக்கிறது. முகமூடி நெற்றிக்கு மேலே ஏறியிருக்க, முகம் அந்த வெளிச்சத்தில் ஜொலிக்கிறது.

பத்தடி தள்ளி நின்று பார்த்த மாமாவின் முகம் செத்துவிட்டது.

“மாப்ள, முகமூடி தூக்கியிருக்கு.”

“அதனாலதானே மாமா முகம் தெரியுது.”

“பொறி பறக்குதே! முகமூடி இல்லாம ராடு வெச்சா ராவெல்லாம் கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரியும். அப்படி வேலை செஞ்சவன மேஸ்திரி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. என்னையே ரெண்டு தடவை அனுப்பியிருக்காரு. அவரையே நான் இப்படி வரைஞ்சு வெச்சிருக்கேன். நாலு மணிக்கு வர்றாரு மாப்ள!”

எனக்குச் சுருக்கென்றது. முதலில் அவர் முகமூடியை இறக்கித்தான் வரைந்திருந்தார். “முகம் தெரியலேன்னா இது யாருன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று படித்த தோரணையில் சொல்லி மாற்றவைத்தவன் நான்.

மணி மூன்று இருபது. மாமா சட்டைப் பையிலிருந்து கறுப்பு வண்ண டியூபை எடுத்தார். வாசலுக்கும் படத்துக்கும் நடந்தார். காவலாளி திரும்பிய நேரம் பார்த்து மூடியைத் திருகியபோது சங்கச் செயலாளர் வந்துவிட்டார்.

“மாட்டின படத்துல கை வைக்கக் கூடாதுங்க. விதி.”

“கழட்டியாவது குடுங்க.”

“முடியிறதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுவரைக்கும் கழட்டவும் கூடாது.”

மாமா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கால் மட்டும் தையல் மிஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் மேஸ்திரி வந்தார். சலவைச் சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

“ஏன்டா பொறி,” என்றார் கடைசியில். “இப்ப என்னை நானே வீட்டுக்கு அனுப்பணுமா?”

“தப்பு என்னோடதுங்க. முகம் தெரியணும்னு நான்தான் சொன்னேன்” என்றேன்.

“தம்பி படிச்சவரு, முகத்தப் பாத்து ஆளத் தேடுறீங்க.” படத்துக்கு ஒரு சாண் தள்ளி விரலை நீட்டினார். “இடது முழங்கைய முட்டில ஊனி ராடு பிடிக்கிறவன் எங்க பட்டறையில நான் ஒருத்தன்தான். அத விடாம போட்டிருக்கான் பாருங்க. முகமூடி மூடியிருந்தாலும் எங்க ஆளுங்க கண்டுபிடிச்சிருப்பாங்க.” பிறகு குரல் தாழ்ந்தது. “ஆனா புதுசா தொழிலுக்கு வர்ற பசங்களும் இதப் பாப்பாங்கடா.”

மாமா துள்ளி எழுந்தார். “சார், பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டலாமா?”

செயலாளர் யோசித்தார். சீட்டுக்கு விதி எதுவும் இல்லை. காகிதமும் பேனாவும் பசையும் வந்தன. மாமா சொல்ல, நான் எழுதினேன்: ‘பொறி பறக்கும்போது முகமூடியை இப்படித் தூக்கக் கூடாது. தவறு வரைந்தவனுடையது, படத்தில் இருப்பவருடையது அல்ல.’

“எழுத்து இன்னும் பெருசா போடுங்க தம்பி” என்றார் மேஸ்திரி.

இன்னொரு காகிதம் வாங்கிப் பெரிதாகவே எழுதினேன். பட்டம் வாங்கிய கையால் இத்தனை கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

பேருந்து நிறுத்தத்துக்குப் பாதி வழி வந்திருப்போம். மாமா நின்றார்.

“பசை சரியா பிடிச்சிருக்குமா மாப்ள? காத்துல விழுந்துட்டா?”

“விழாது மாமா, வாங்க.”

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் திரும்பி ஓட ஆரம்பித்திருந்தார்.