‘மற்றும் பலர்’ என்று ஒரு டிஜே

ஊரையே ஆட வைப்பதாகப் பெயர் வாங்கும் தொழில் இது. ஆனால் இதில் புதிதாகக் காலெடுத்து வைத்தவனைத்தான் முதலில் எல்லோரும் சேர்ந்து ஆட்டிவைப்பார்கள். மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடியவர்கள், நாடகத்தில் ஈட்டியோடு வாசலில் நின்றவர்கள், தலைவர் வரும்வரை ஏதாவது பேசிக்கொண்டிரு என்று மேடையில் ஏற்றிவிடப்பட்டவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிஜே. பட்டாபிராமில் ரயில் ஏறும்போது வெறும் கஜேந்திரன். அம்பத்தூரில் கேசட் பையோடு இறங்கும்போது கலைஞன். எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. கிளப் என்றுதான் சொல்வோம். சீட்டாட ஒரு அறை, ஒரு கேரம் போர்டு, நீளமாக ஒரு ஹால். அந்த ஹாலில் ஞாயிறு மத்தியானம் டிஸ்கோ நடக்கும். மத்தியானத்தில் என்ன டிஸ்கோ என்று கேட்காதீர்கள். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் வீடுகளில் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். அதனால் நாங்களே ஜன்னல்களில் போர்வையைக் கட்டி ராத்திரியை வரவழைத்துக்கொள்வோம்.

எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. நான் போடுகிற பாட்டுக்கு அந்த ஹால் மொத்தமும் எழுந்து ஆட வேண்டும். ஒரு தடவை ஆடினால் போதும். இதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு காது போதும்

எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என் திறமை என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாங்கிக் கொடுத்தது என் ஹெட்போன். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. எங்கள் தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த முனுசாமி அண்ணாத்தேவுக்கு ஒத்தாசையாக, ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே விருந்தாளியாக வந்திருந்தார் ஜெகன் சார். கிளப்பில் டிஸ்கோ நடத்துகிறவர் அவர்தான். வெள்ளை பேண்ட், வெள்ளை சட்டை, வெள்ளை ஷூ. நடந்து வந்தால் ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருகிற மாதிரி இருக்கும்.

பாட்டு எப்படி என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெட்போனைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்க? கெளப்புக்கு வந்துடு” என்றார். பின்னால் பிரச்சினை வரக் கூடாதே என்று நான் உண்மையைச் சொன்னேன்: “சார், இதுல இடது பக்கம் வேலை செய்யாது.” மனிதர் அசரவில்லை.

“மாட்டிக்கினா ரெண்டு காதும் ஒண்ணுதாம்பா. எதிர்ல நிக்கிறவனுக்கு எந்தப் பக்கம் பாடுதுன்னு இன்னா தெரியப்போவுது?”

பேனர்

முதல் ஞாயிறு கிளப் வாசலில் துணி பேனர் கட்டியிருந்தார்கள். என் பெயரைப் பார்க்க ஆசை ஆசையாக ஓடினேன். மேலே ஆள் உயரத்துக்கு ‘டிஜே ராக்கி’. ராக்கி ஆவடிக்காரர், அந்த வட்டாரத்தில் பெரிய ஆள். மைக்கில் இங்கிலீஷ் பேசுவார், மைக்கை வைத்துவிட்டால் நம்மைப் போலத்தான். அவர் பெயருக்குக் கீழே, ‘சுடச்சுட வெங்காய சமோசா, கட்லெட், ரோஸ்மில்க்’. அதற்கும் கீழே, பேனர் முடிகிற இடத்தில், பெயிண்டர் மிச்சமிருந்த பெயிண்ட்டில் எழுதினது போல ‘மற்றும் பலர்’.

அந்தப் பலரைத் தேடினேன். ஹாலில் நான் ஒருவன்தான் இருந்தேன். சமோசாவுக்கும் கீழேயா நான் என்று ஜெகன் சாரிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு என்மேல் உண்மையிலேயே வருத்தம்.

“நீ ஒர்த்தன்தான். உன்னப் போயி ‘பலர்’னு போட்டுக்கீறேன். இந்த மரியாத ராக்கிக்கே கெடையாதுப்பா.”

வேர்த்துவிட்ட குற்றம்

ராக்கி வருவதற்கு முன்னால் நான் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் என்ன செய்தேன், கையில் இருந்ததிலேயே துள்ளலான கேசட்டுகளாகப் பார்த்து அடுக்கிக்கொண்டேன். மூன்றாவது பாட்டில் நாலைந்து காலேஜ் பையன்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். இன்னும் ஒரு பாட்டு போயிருந்தால் மொத்த ஹாலும் எழுந்திருக்கும். அதற்குள் முனுசாமி அண்ணாத்தே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிளப்பில் வைத்திருந்த ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அவருடையதுதான். வாசலைப் பார் என்று கண்ணால் காட்டினார். ராக்கி கூலிங் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குத் தொழில் விதி சொல்லிக் கொடுக்கப்பட்டது. முன்னால் போடுகிறவன் மெல்லப் போகிற பாட்டுகளைத்தான் போட வேண்டும். ஜனம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பெரியவர் வந்து முதல் பாட்டைப் போட்டதும்தான் அது எழலாம். அதாவது, என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேனா என்பதற்கு ஒரே அத்தாட்சி, ஒருவரும் ஆடக் கூடாது. ராக்கி கோபப்படவில்லை. என் தோளில் கை போட்டு, அண்ணன் மாதிரிதான் சொன்னார்.

“தம்பி, நா வர்றதுக்குள்ள அதுங்களுக்கு வேர்த்துப்போச்சுன்னா, அப்பறம் நா இன்னாத்துக்குடா வரணும்?”

திருட்டு பயம்

ராக்கியின் கேசட்டுகள் ஒன்றிலும் பெயர் இருக்காது. எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தாளை ஒட்டி, அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வைத்திருப்பார். என்ன பாட்டு என்று மற்ற டிஜேக்கள் தெரிந்துகொண்டு வாங்கிவிடக் கூடாதாம். பெரிய டிஜே என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சோற்றுப் பசையைத் தடவி, என் கேசட்டுகளை எல்லாம் மூடினேன். புள்ளிக்குப் பதிலாகக் காய்கறி படம் வரைந்தேன். கத்தரிக்காய் என்றால் மழைப் பாட்டு, முருங்கைக்காய் என்றால் சோகப் பாட்டு. மறுநாள் நான் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை முனுசாமி அண்ணாத்தே ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஒம் பாட்ட யார்ரா திருடப்போறான்? நீ ரயில்ல மறந்துட்டுப் பூட்டாகூட, எட்த்தவன் ஊட்டாண்ட வந்து குட்த்துட்டுப் போவான்.”

பெட்டியின் சூடு

அண்ணாத்தே நல்லவர்தான். ஆனால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் அவர் கையை விட்டு வராது. நான் போடும்போது பாட்டு பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். ராக்கி வந்ததும் சுவர் அதிரும். ஏன் அண்ணாத்தே இந்த ஓரவஞ்சனை என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

“இப்பவே சூடாயிட்ச்சுன்னா அவன் வர்றப்ப புட்டுக்கும். நீ சும்மா போட்றா, பொட்டி தூங்கட்டும்.”

என் தங்கை வந்த நாள்

மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிறு ராக்கி சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஜெகன் சாருக்கு வேறு வழியில்லை. “இன்னிக்கு கடைசி வரைக்கும் நீயே பாத்துக்க” என்றார். ராக்கி வரமாட்டார் என்று நான் வெள்ளிக்கிழமையே கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் சொன்னேன். எங்கள் அண்ணன் ஹாலையே ஆட வைக்கப் போகிறது என்று என் தங்கை கலா தெருவெல்லாம் சொல்லி, இரண்டு சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. துள்ளலான கேசட்டைப் போட்டேன். ஜனம் மொத்தமாக எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்த ஜனம் நேராக ஹாலின் பின்பக்கம் போய் சமோசாக் கடையில் வரிசையாக நின்றது. அடுத்த பாட்டுக்கும் அப்படியே. அதற்கடுத்த பாட்டுக்கு ரோஸ்மில்க். விஷயம் இதுதான். இத்தனை மாதமாக நான் மேசைக்குப் பின்னால் நின்றால் அது தின்கிற நேரம் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. என்ன பாட்டு என்பதெல்லாம் காதில் ஏறவே இல்லை. ராக்கி வருவார், அப்புறம் ஆடலாம் என்று தின்றுகொண்டே காத்திருந்தார்கள். ராக்கி வரவில்லை. தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. திரும்பும்போது ரயில் ஆவடியைத் தாண்டியதும் கலா, எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னாள்.

“பாட்டு எப்டின்னு கவனிக்கலண்ணா. ஆனா சமோசா ரொம்ப நல்லாருந்துச்சு.”

மச்சினன்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராக்கி போடுகிற நேரத்தில் பாதியாவது எனக்கு வேண்டும் என்று ஜெகன் சாரிடம் கேட்கப் போகிறேன் என்றேன் அண்ணாத்தேவிடம். ராக்கி விடமாட்டார், அதுதானே தடை, அவரையே கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அண்ணாத்தே சிரித்தார். “ராக்கி இன்னாடா ராக்கி? அந்த சமோசா கட யாருது தெரியுமா? ஜெகன் சம்சாரத்தோட கூடப்பொறந்தவன் பாபு கீறானே, அவந்து. நீ போட்ற நேரத்துலதான் அவனுக்கு யாவாரம்” என்றார்.

இத்தனை நாளும் ராக்கிதான் எனக்கு எதிரி என்று நினைத்து அவர் பைக்கை முறைத்துக்கொண்டிருந்தேன். பாபுவோ ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மட்டும் இரண்டு சமோசாவைத் தனியாக எடுத்து வைத்து, “சாப்டு மாமே” என்று உபசரிப்பான். பாட்டு பிடித்துத்தான் தருகிறான் என்று நம்பியிருந்தேன். ஆனாலும் விடவில்லை. ஜெகன் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஆட வெக்கிறதுக்கு ராக்கி மாதிரி பத்து பேர் கெடைப்பான் கஜா. ஜனத்த ஆடாம உக்கார வெக்கிறதுக்கு இந்த லைன்லயே உன்ன வுட்டா ஆளு இல்ல.”

கேட் போட்ட ஞாயிறு

பாபு சமோசா போடுவது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டில். ஆட்டோவில் ஏற்றி ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொண்டுவருவான். அந்த ஞாயிறு, ராணுவ லாரிகளை ஏற்றிக்கொண்டு பட்டாபிராம் பக்கம் போக வேண்டிய கூட்ஸ் ஒன்று சிக்னல் கிடைக்காமல் கேட்டை மறித்து நின்றுவிட்டது. ஆட்டோ அந்தப் பக்கம், கிளப் இந்தப் பக்கம்.

நான் வழக்கம்போல மெதுவான பாட்டைப் போட்டேன். ஜனம் வழக்கம்போல எழுந்து பின்னால் போனது. அங்கே காலி மேசை. திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி போய்ப் பார்த்தது. கைக்கும் வாய்க்கும் வேலையில்லாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலாவும் அன்றைக்கு வந்திருந்தாள், சமோசாவுக்காகத்தான். இருப்புக் கொள்ளாமல், “அண்ணா, வேற ஏதாவது போடேன், போரடிக்குது” என்று மேசையருகே வந்து சிணுங்கினாள். நான் பையின் அடியில் கிடந்த கேசட்டை எடுத்தேன். அதன்மேல் மிளகாய் படம் வரைந்திருந்தேன்.

முதலில் எழுந்தது கலாதான். சிநேகிதிகளையும் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அப்புறம் காலேஜ் பையன்கள், அப்புறம் எங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், அப்புறம் யார் யாரென்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் ஒருவர்கூட இல்லை. திடீரென்று சுவர் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். முனுசாமி அண்ணாத்தே குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு, “சூடாவட்டும் போ!” என்று கத்தினார். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் நின்றதில்லை.

அந்த நேரம் பார்த்து கேட் திறந்து பாபு வந்து சேர்ந்தான், தலையில் பெரிய அலுமினிய அன்னக்கூடையோடு. ஆவி பறந்தது. ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெகன் சார் வாசலிலிருந்து என்னைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினார். உட்கார வை என்று அர்த்தம். பக்கத்து கேசட் டெக்கில் மெதுவான மழைப் பாட்டு தயாராகத்தான் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அடுத்த வாரமும் எனக்கு வேலை உண்டு. நான் அவரைப் பார்த்தேன், ஆடுகிற ஜனத்தைப் பார்த்தேன், மழைப் பாட்டை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு மிளகாயைப் போட்டேன். ராக்கி எப்போது வந்தார் என்று தெரியாது. கதவோரம் கூலிங் கிளாஸோடு நின்றிருந்தார். அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

சமோசா ஆறிப்போயிற்று. எல்லாம் முடிந்தபின் ஜெகன் சார் என்னை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அழைத்துப் போனார். திட்டவில்லை. நல்ல பையன், இப்படி ஆகிவிட்டானே என்கிற வருத்தம்தான் அவர் முகத்தில்.

“உனுக்கு இந்தத் தொழிலு ஒத்துவராது கஜா. நீ ஜனத்த ஆட வுட்டுட்ற.”

இப்போதும் எந்த விழாவிலாவது பாட்டு நன்றாக இருந்தும் ஒருவரும் ஆடாமல் உட்கார்ந்திருந்தால், நான் பாட்டுப் போடுகிற பையனைக் குறை சொல்வதில்லை. நேராகப் பின்பக்கம் போய், பலகாரம் போடுகிறவர் யாருக்கு மச்சினன் என்றுதான் விசாரிக்கிறேன்.