ரெட்டை மூச்சு

ட்ராக் அக்கா என்றால் அந்தத் தெருவிலுள்ள மூன்று ஒலிப்பதிவுக் கூடங்களிலும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்கும் வேலை அப்படி. பெரிய பாடகி வருவதற்கு முன்னால், பாட்டு எப்படிப் போகிறது என்று காட்ட ஒருத்தி பாடி வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ட்ராக். பெரிய பாடகி காரிலிருந்து இறங்கி, அதைக் காதில் வாங்கி, அதே மாதிரி பாடிவிட்டுக் கிளம்பியதும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். அவள் குரலுக்கு ஆயுசு இரண்டு நாள், மிஞ்சிப் போனால் ஒரு வாரம்.

அவளும் பெரிய பாடகியாகத்தான் கிளம்பி வந்தாள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளைப் பையில் போட்டுக்கொண்டு பத்தொன்பது வயதில் வந்து நின்றவளிடம், "இப்போதைக்கு ட்ராக் பாடும்மா, அப்புறம் பார்ப்போம்" என்றார் ஓர் இசையமைப்பாளர். அந்த அப்புறம் வரவே இல்லை. சொன்னவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். யாருக்காகப் பாடுகிறாளோ அவர்களைப் போலவே பாடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பெயர் மட்டும் மிஞ்சியது. அது பாராட்டா வசவா என்று அவளுக்கே இன்றுவரை பிடிபடவில்லை.

அவளுடையது என்று அவள் பாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஒரு கோளாறு. மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் மைக் முன்னால் நின்று பாடினாள். வயிறு மேலே முட்டியதில் ஒரே இழுப்பில் மூச்சு நிறையவில்லை. முதலில் சின்னதாக ஒன்று, உடனே பெரிதாக ஒன்று என்று இரண்டு தவணையாக இழுக்கப் பழகினாள். பிள்ளை பிறந்தது, வயிறு இறங்கியது, மூச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "ரெட்டை மூச்சு வருதுக்கா" என்று பதிவு செய்கிறவர்கள் பதினைந்து வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் அதைத் தேடித் தேடி வெட்டி எறிந்தார்கள்.

அந்த மகளுக்கு இப்போது பதினைந்து வயது. கே-பாப் என்கிற கொரியப் பாட்டுப் பைத்தியம். அலமாரிக் கதவு முழுக்கப் புதிதாக வரப்போகும் ஒரு குழுவின் ஐந்து பெண்கள். அந்தக் குழு இன்னும் ஒரு பாட்டுக்கூட வெளியிடவில்லை. மூன்று மாதமாகப் படங்கள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தன. பாடாத வாய்களுக்கு மகள் உயிரையே எழுதிக் கொடுத்திருந்தாள். ஐவரில் இளையவளை ரசிகர்கள் கடைக்குட்டி என்று கொஞ்சினார்கள். வீட்டிலும் அந்தப் பெயர்தான் நாளுக்கு நாற்பது தடவை காதில் விழும்.

அம்மாவின் பாட்டைப் பற்றி மகள் பேசுவதில்லை. ஆறாம் வகுப்பில் யாரோ, "உங்கம்மா பாடகியாமே, எந்தப் பாட்டு?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். சொல்வதற்கு ஒரு பாட்டு இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "அம்மா ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க" என்று சொல்லிவிடுகிறாள். அது ட்ராக் அக்காவின் காதுக்கும் வந்தது. அழிக்கப்பட்ட பாட்டுகள் அத்தனைக்கும் சேர்த்து வலிக்காதது அந்த ஒரு வார்த்தையில் வலித்தது.

கீபோர்டுத் தம்பி என்று அவள் கூப்பிடும் ஒருவன் மெட்டுப் போட்டு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மெட்டுக்கு, வார்த்தையே இல்லாத லா லா லாவில் அவளைப் பாட வைத்திருந்தான். கொரியாவில் வாங்கிவிட்டார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். யாருக்கான பாட்டு என்று அவன் போனில் காட்டிய படத்தில் அலமாரிக் கதவின் அதே ஐந்து முகங்கள்.

"முன்னாடி வர்ற குரலை அழிச்சிருவாங்கக்கா. பின்னாடி அடுக்கு அடுக்கா பாடினீங்கள்ல, அதைச் சில சமயம் அப்படியே வச்சுக்குவாங்க" என்றான்.

அந்தச் சில சமயத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நாளை எண்ணினாள். புகழுக்கு ஆசைப்படும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. மகள் ஒரு தடவை, ஒரே தடவை, 'இது எங்கம்மா' என்று நினைக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் குழுவின் முதல் நான்கு பாட்டுகள் வெளிவந்தன. மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓர் இயர்போனைத் தன் காதிலும் மற்றதை அம்மா காதிலும் மாட்டினாள். அதுவே அதிசயம்தான், தனியாகக் கேட்டால் சந்தோஷம் பத்தாது போலிருக்கிறது. முதல் பாட்டில் கொட்டுச் சத்தம் குரல்களை மிதித்துக்கொண்டு போனது. இரண்டாவது பாட்டில் ஐந்து பேரும் ஒருத்தி போலவே பாடினார்கள். சுத்தமோ சுத்தம், துடைத்து வைத்த கண்ணாடி. மூன்றாவது பாட்டு பேஸ் கிதாரில் மெதுவாகத் தொடங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாடிக் கொடுத்த மெட்டு.

முன்னால் கடைக்குட்டி பாடினாள். நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. ட்ராக் அக்கா அதை விட்டுவிட்டுப் பின்னால் போனாள். முதல் பல்லவியின் அடியில் மூன்று குரல்கள் அடுக்கியிருந்தன. மேல் அடுக்கு யாரோ. நடு அடுக்கு யாரோ. அடி அடுக்கு? எல்லாக் குரலையும் மாவாக அரைத்துப் பிசைந்திருந்ததில் தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை. மனசு விட்டுப்போனது. அப்போது கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. ஒரு நொடி வெறுமை. அதற்குள் சின்னதாக ஒரு மூச்சு, உடனே பெரிதாக ஒரு மூச்சு.

நடந்தது இதுதான். அனுப்பும் அவசரத்தில் தம்பி முன்குரலின் மூச்சுகளை வெட்டியவன், பின் அடுக்கில் வெட்ட மறந்திருந்தான். வேண்டுமென்றே வைத்தது என்று எண்ணிக் கம்பெனிக்காரர்கள் அதை முன்னால் தூக்கி வைத்துவிட்டார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் துள்ளினாள். "அம்மா! அந்த மூச்சைக் கேட்டியா? கடைக்குட்டி மூச்சு! எனக்கு அழுகையே வந்துருச்சு!"

"கண்ணு, அது நான்."

"எது?"

"அந்த மூச்சு. இந்தப் பாட்டை முதல்ல நான்தான் பாடினேன். அது உன்னால வந்த மூச்சுடி. நீ வயித்துல இருக்கும்போது..."

மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, கூச்சம். "அம்மா, ப்ளீஸ்."

ட்ராக் அக்கா எழுந்து நின்று, அந்த இடத்தை அப்படியே பாடிக் காட்டினாள். சின்ன மூச்சு, பெரிய மூச்சு, எடுப்பு. அச்சு அசலாக வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"சூப்பரா பண்றம்மா. ஆனா யாரை மாதிரி வேணும்னாலும் நீ பாடுவியே. அதானே உன் வேலை?" என்று சொல்லிவிட்டு மகள் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை இரண்டு இயர்போனும் அவள் காதில்தான் இருந்தன.

ஒரே வாரத்தில் அந்த மூச்சு உலகப் புகழ் பெற்றது. அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி ஆயிரம் பேர் போட்டார்கள். மேடையில் அந்த இடம் வந்ததும் கடைக்குட்டி தோளை இரண்டு தடவை தூக்கினாள், கூட்டம் அலறியது. ட்ராக் அக்கா வயிறெரிந்து பார்த்தாள். திட்டலாம் என்று பார்த்தால், ஒட்டிப் போன கன்னமும் குச்சிக் கையுமாக அந்தப் பெண் நின்ற நிலையில் திட்டவும் வாய் வரவில்லை. எவனோ சொல்லிக் கொடுத்ததை அவளும்தான் அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி கூப்பிட்டனுப்பினான். வாயெல்லாம் பல். "அடுத்த பாட்டும் நமக்குத்தான்க்கா. ஒரே ஒரு கண்டிஷன், அந்த ரெட்டை மூச்சு இதிலயும் வேணுமாம். கடைக்குட்டி ஸ்டைலாம் அது!"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் மற்றவர்களுக்கு வேண்டிய ஒன்று இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாடுறேன் தம்பி. எனக்கு ஒண்ணு செய்யணும். என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன். அன்னைக்கு நான் பாடின பழைய ஃபைலை அவளுக்கு ஒரு நிமிஷம் போட்டுக் காட்டு. போதும்."

"ஐயோ, கையெழுத்துப் போட்டிருக்கோமேக்கா! சின்னப் பொண்ணு, நாலு பேர்கிட்ட சொன்னா என் பொழப்பே போயிரும்."

"அப்போ ஒத்தை மூச்சுதான் வரும்."

அவன் அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கெஞ்சுவான் என்றுகூட எதிர்பார்த்தாள். அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பழைய ஃபைலைத் திறந்து, ஒரு துண்டைக் குறித்து வெட்டிப் புதுப் பாட்டில் ஒட்டினான். அறையின் பெரிய ஸ்பீக்கரில் அவள் மூச்சு வந்தது. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சுத்தமாக, கிட்டத்தில், யாருடைய குரலும் மேலே ஏறாமல்.

"நீங்க சிரமப்படவே வேணாம்க்கா" என்றான், உண்மையிலேயே நல்ல மனசோடு. "ஒரு தடவை எடுத்தது இனி எத்தனை பாட்டுக்கு வேணும்னாலும் ஆகும். நீங்க பாட்டை மட்டும் பாடுங்க."

எழுந்து போயிருக்கலாம். போனால் நாளைக்கே அந்த மைக் முன்னால் இன்னொருத்தி நிற்பாள் என்பது அவளுக்குத் தெரியாதா? உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். அவ்வளவு சுத்தமாக அவள் அதுவரை பாடியதில்லை என்று தம்பி பாராட்டினான்.

அந்தப் பாட்டும் வெளிவந்தது. மகளுக்குப் பழைய பேச்செல்லாம் மறந்துவிட்டது. சமையலறைக்கு ஓடி வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் இயர்போனைச் செருகினாள். அம்மா ஈரக் கையோடு நின்றாள்.

"இரும்மா, அந்த இடம் வருது. இதோ... இதோ! கேட்டியா?"

வாத்தியங்கள் நின்றன. இரண்டு மூச்சும் வந்து போயின. மகளின் முகம் அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில் பளபளவென்று இருந்தது. எத்தனை மாதம் ஆயிற்று அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து!

"கேட்டேன்" என்றாள் ட்ராக் அக்கா. "நல்லா மூச்சு விடுறா அந்தப் பொண்ணு."