வரப்பில் நட்ட சிவப்புத் துணி

நான் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர். போன வருடம் தை மாதம் மாணவிகளைத் தரங்கம்பாடிக்குப் புதையல் வேட்டைக்கு அழைத்துப் போனேன். கோட்டை, பழைய கல்லறைகள், கடல் அரித்த சிவன் கோயில் என்று இடத்துக்கு ஒரு துப்புச்சீட்டு. தூரத்திலேயே தெரியட்டும் என்று, சீட்டு வைத்த இடங்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். கடைசிக் குச்சியை ஊருக்கு வெளியே, நெல்வயல் வரப்பில் இருந்த பழைய எல்லைக்கல் பக்கத்தில் நட்டேன்.

கூலித் தகராறில் அறுவடை நின்றுபோயிருந்த நேரம் அது. விவசாயத் தொழிலாளர் சங்கம் வயலில் சிவப்புக் கொடி நட்டால், கூலி முடிவாகும்வரை அங்கே யாரும் அறுக்கக் கூடாது என்று அர்த்தம். அது தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்குத் தெரியாதா? விளையாட்டு மும்முரத்தில் புத்தி அந்தப் பக்கமே போகவில்லை.

நாங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் மிராசுதாரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த மாரிமுத்து என்ற கூலித் தொழிலாளிதான் கொடி நட்டார் என்று அடித்திருந்தார்கள். முகமெல்லாம் ரத்தம்.

"அவரை விடுங்க! அது நான் நட்டதுங்க, பொண்ணுங்க விளையாட்டுக்கு!" என்று கத்தினேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். அடிபட்டவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

மன்னிப்புக் கேட்டபடி அவர் நெற்றியைத் துடைத்தேன். "நான் நடலைன்னு காலைப் புடிச்சுச் சொன்னேன், கேக்கல. நீங்க ஒருவாட்டி சொன்னதும் நம்பிட்டாங்க பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் சிவப்புத் துணியைத் தொடுவதில்லை. முதல் நாளே போய், அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டுத்தான் சீட்டு வைக்கிறேன். இந்த வருடம் மாரிமுத்துவையும் தேடிப் போனேன். கொடி நட்ட ஆள் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டதாம். அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.