வெள்ளிக்கிழமை மட்டும் பயப்படாத நாய்

எங்கள் நாய்க்கு நகம் வெட்டுவது என்றால் எமனைப் பார்த்த மாதிரி. அதற்கு நாயைக் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரரைத்தான் சொல்வேன்.

1991. சிங்கப்பெருமாள் கோவிலில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், மெஷின் ஷாப்பில் வேலை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் வாயில் இட்லியோடு ஓடுவார். ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்கு வருவாரா என்றால், ஓ.டி. என்று அங்கேயே உட்கார்ந்துகொள்வார். கல்யாணமாகித் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான், அந்த ஊரில் ஒரு முகமும் தெரியாது. பேச்சுத் துணைக்கு இருந்தது அந்த நாய் ஒன்றுதான். இவர் கல்யாணத்துக்கு முன்பே எடுத்து வளர்த்த நாட்டு நாய். நான் பாத்திரம் பண்டத்தோடு வந்தேன், அவர் நாயோடு வந்தார். இரண்டில் எது எனக்கு அதிகம் உதவியது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

ரயில் பாதைக்கு ஓடிவிடும் என்று கட்டியே வைத்திருந்ததால் அதன் நகம் தேயவே இல்லை. கொக்கி கொக்கியாக வளர்ந்திருந்தது. ஐப்பசியில் ஒருநாள் வீட்டுக்கார அம்மா கொடியில் துணி எடுக்க வந்தபோது, சந்தோஷம் தாங்காமல் அவர் மேல் தாவிவிட்டது. கணுக்காலுக்கு மேலே ஒரு கீறல். நமக்கென்றால் எச்சில் தொட்டு வைத்துவிட்டு மறந்துவிடுவோம். அவருக்குச் சர்க்கரை. கீறல் புண்ணாகி, புண் சீழ் பிடித்து, வாரக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டு வந்தார். அவர் கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கத்தவே இல்லை.

"காலு போனா வராது பொண்ணு. தை பொறக்கறதுக்குள்ள அதும் நகத்த வெட்டு. இல்லாங்காட்டி எங்கனா கொண்டும்போய் வுட்டுட்டு வா" என்றார்.

நியாயம்தான். அன்றைக்கே இவரிடம் சொன்னேன்.

இவருக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெஷின் ஷாப்காரர்களின் வேதம் ஒன்றே ஒன்று: வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்தால் எந்த இரும்பும் ஆடாது. ஆளுக்கொரு கால், தலைமேல் கோணிப்பை, கையில் கட்டிங் பிளேயர். நாய் போட்ட சத்தத்தில் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். முதல் நகத்திலேயே உள்ளே ஓடும் ரத்தக் குழாயை இவர் வெட்டிவிட்டார். நகம் கறுப்பு, எங்கே சதை எங்கே நகம் என்று யாருக்குத் தெரியும்? சிமென்ட் தரை முழுக்க ரத்தம். நாயென்ன லேத்தில் மாட்டுகிற இரும்பா என்று நான் கேட்ட கேள்வியில், நண்பர்கள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

நான் மஞ்சள்தூளை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கார அம்மா வந்தார். ரத்தத்தைப் பார்த்துத் திட்டுவார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாசலில் நகம் வெட்டலாமா என்று திட்டினார். வெள்ளி கூடாது, செவ்வாய் கூடாது, விளக்கு வைத்த பிறகு எந்த நாளுமே கூடாது. அரத்தால் தேய்த்தாலும் வெட்டின கணக்குத்தான். நாய்க்கு ஏதம்மா வெள்ளியும் செவ்வாயும் என்று கேட்டேன். நாய்க்குக் கிடையாது, வூட்டுக்குக் கீது என்றார்.

அன்றிலிருந்து கரண்டி பளபளத்தால்கூட நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. இவர் மணிமங்கலத்தில் தெரிந்தவர் தோப்பு இருக்கிறது, அங்கே விட்டுவிடலாமா என்று மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! இனிமேல் இது என் டிபார்ட்மென்ட், நீங்கள் ஓ.டி. பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய பெட்டியிலிருந்து பொடி அரம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நகவெட்டி என்னுடையது. டீக்கடைப் பொறை ஒரு பொட்டலம். காலைத் தொட்டால் ஒரு துண்டு பொறை. விரலைப் பிடித்தால் இன்னொரு துண்டு. நகவெட்டியின் சத்தம் பழக, பக்கத்தில் உட்கார்ந்து துடைப்பக் குச்சியை டக் டக்கென்று வெட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு நகத்தின் நுனியை மட்டும் வெட்டினேன். மறுநாள் கூப்பிட்டால் வரவில்லை. பொறையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிடித்து இழுத்தேன், என்னைப் பார்த்தே உறுமியது. அன்றைக்குத் துவைகல்லில் உட்கார்ந்து அழுதேன். மணிமங்கலத்துத் தோப்பில் அது கட்டிக் கிடப்பது போலவும், நான் இந்தப் பின்கட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது போலவும் தோன்றி, அழுகை நிற்கவே இல்லை.

வெள்ளியும் செவ்வாயும் வந்தால் வீட்டுக்கார அம்மா நாற்காலியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காவல் இருப்பார். அவரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, வெட்டத்தான் கூடாது, பிடிக்கலாம் இல்லையா என்று காலைப் பிடிப்பேன். அரத்தை நகத்தில் சும்மா வைத்து எடுப்பேன். பொறை கொடுத்து, போடா என்று அனுப்பிவிடுவேன். மற்ற நாளில் வெட்டப் போனால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். இப்படியே சில வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கூப்பிடவே இல்லை, தானாக வந்து எதிரில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் கொடுத்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பளபளக்கிற எதை எடுத்தாலும் வலி என்றிருந்த நாய்க்கு, அரம் வந்தும் ஒன்றும் நடக்காத நாள் உண்டு என்று தெரிந்துவிட்டது. அதைத் தெரியவைத்தவர் அந்த அம்மா. சரி, திங்களையும் புதனையும் சேர்த்து வெள்ளிக்கிழமை ஆக்கிவிட்டேன். எப்போதாவது ஒரு நாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு நகத்தில் நெல்லளவு. மீதியை அரம் பார்த்துக்கொண்டது.

மார்கழி முடியப் போகிற நேரம், ஒரு வியாழக்கிழமை காலை, உட்பக்கக் கட்டைவிரல் நகமும் முடிந்தது. எழுந்து போய் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். கால் புண் ஆறி, கறுப்பாகத் தழும்பு விழுந்திருந்தது. வந்தார். நாய் காலைக் கொடுத்தது. தயங்கித் தயங்கி, ஒரு விரலால் ஒவ்வொரு நகமாகத் தடவிப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். ஒரு நகம் கூராக இருக்கிறது என்று சொல்லட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான்.

"இருக்கட்டும். நாய் இங்கியே இருக்கட்டும்" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் போகவில்லை. நாயையே பார்த்துக்கொண்டு நின்றவர், வலிக்காமல்தானே வெட்டினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை லேசாகத் தூக்கிப் பாதத்தை நீட்டினார். இத்தனை நாள் அந்தக் காலில் புண்ணுக்குக் கட்டிய துணியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நகமெல்லாம் தடித்து, வளைந்து, பக்கத்து விரலில் குத்திக்கொண்டிருந்தது.

"கண்ணும் சரியா தெர்ல. கைதவறிப் பட்டுட்டா புண்ணாயிடுமேன்னு பயந்துக்கினு தொடறதே இல்ல. எனுக்கும் வெட்டி வுடறியா?"

தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை எடுத்து மடியில் வைத்தேன். கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நகவெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாதத்தைப் பிடித்தேன்.

"இன்னிக்கு வெட்டலம்மா. சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றேன்.