கழற்றிப் போட்ட சாரி கார்டு

போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளையும் தூக்கிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். "உங்க ரெண்டு பேருக்காகத்தான் வண்டியே" என்றார் என் கணவர். அந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

வண்டியை விற்றவர்கள் ஆலுவாவில் இருந்தார்கள். நடுத்தர வயதுத் தம்பதி. என் கணவர் என்ஜினைப் போட்டுப் போட்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுச் சேச்சி என்னை வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போனார். பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் கம்பி வலை, அதுதான் சாரி கார்டு, அகலமாக இருந்தது. அதோடு சேர்ந்தே ஒருபக்கமாக உட்காருபவர் கால் வைக்க ஒரு பலகை. சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி. வெயிலில் சுடாமலிருக்க அந்தக் கம்பி முழுக்கப் பச்சை நைலான் கயிற்றை நெருக்கமாகச் சுற்றியிருந்தார். "இதொக்கெ ஞான் பறஞ்ஞு பறஞ்ஞு வெப்பிச்சதா" என்று சிரித்தார். சொல்லிச் சொல்லி வைக்க வைத்தாராம். அப்போது நானும் சிரித்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் இவருக்கு அதைப் 'புதுசாக்க' வேண்டும் என்று ஆசை வந்தது. மிளகு கோடவுனில் கூட வேலை பார்க்கும் நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முன்னால் வட்டமாக வெள்ளை லைட் வந்தது. ஹேண்டில் மாறியது. டேங்க் கறுப்பாகப் பளபளத்தது. இவர் உட்காரும் இடத்துக்கு மெத்தென்ற சீட் வந்தது. காது கிழியும் சைலன்சர் மட்டும் வரவில்லை. அதற்கு அபராதம் போட்டுவிடுவார்களாம்.

ஒரு சாயங்காலம் வொர்க்ஷாப்பிலிருந்து வண்டி திரும்பி வந்தபோது பின்பக்கம் மொட்டையாக இருந்தது. கார்டு இல்லை, கால் பலகை இல்லை, கைப்பிடியும் இல்லை.

"அதெல்லாம் எங்கே மச்சான்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வச்சா அம்மாவன் வண்டி மாதிரி இருக்கும்டீ. கூட்டாளிங்க கேலி பண்றானுங்க. இப்ப பாரு, என்ன லுக்கு!"

அம்மாவன் என்றால் இங்கே தாய்மாமன். வயசான மாமா ஓட்டும் வண்டி போல இருந்துவிடக் கூடாதாம்.

"நான் எங்க கால் வைக்கிறது? எதைப் பிடிக்கிறது?"

"என்னைப் பிடி. உனக்கு எதைக் கண்டாலும் பேடி."

பேடி என்றால் இங்கே பயம். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் நான் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவள். கேஸ் மூடியிருக்கிறதா என்று படுக்கும் முன் எழுந்து எழுந்து பார்ப்பேன். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நிற்பேன். அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எதைச் சரியாகச் சொன்னாலும் அது பயத்தின் கணக்கில்தான் போய்ச் சேரும். எனக்கே சந்தேகம் வந்தது. ரோட்டில் எத்தனையோ வண்டிகள் இப்படி மொட்டையாகத்தானே ஓடுகின்றன? நான்தான் அளவுக்கு மீறி யோசிக்கிறேனோ? இருந்தும் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "சரி சரி, வைக்கலாம்" என்றார். வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் கடல் பார்க்க வேண்டும் என்றாள். போர்ட் கொச்சிக்குக் கிளம்பினோம். என் மாமியார் வீட்டில் பெண்கள் வண்டியில் ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும். பர்தா, தலையைச் சுற்றிய நீள ஷால், தாடைக்குக் கீழே பின், அதற்கு மேல் ஹெல்மெட். மடியில் மகள். வலது கை அவளைச் சுற்றி இருந்தது. பிடிக்க ஒன்றுமில்லாத இடது கை, சீட்டின் விளிம்பை நகத்தால் பற்றிக்கொண்டிருந்தது. வைக்க இடமில்லாமல் கால்கள் தொங்கின.

மீன் விற்கும் கடைகளுக்குக் கொஞ்சம் முன்னால் கடற்காற்று சட்டென்று அடித்தது. ஷாலின் நுனி பறந்ததை உணர்ந்தேன். அடுத்த நொடி யாரோ பின்னாலிருந்து என் தலையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. ஷால் சக்கரத்தில் சுற்றத் தொடங்கியிருந்தது. ஹெல்மெட்டுக்குள் இறுகியிருந்ததால் அது கழன்று வரவும் வழியில்லை. கழுத்து நெரிந்தது. கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. இடது கையால் இவர் முதுகில் அடித்தேன். மறுபடியும் மறுபடியும் அடித்தேன்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேடிக்காதேடீ, மெதுவாத்தான் போறேன்" என்றார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் செத்துக்கொண்டிருந்தேன். அது இவருக்கு என்னுடைய வழக்கமான தொந்தரவாகத் தெரிந்திருக்கிறது.

மீன் கூறு வைத்துக்கொண்டிருந்த ஒரு சேச்சி நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த கத்தியோடு அப்படியே நடுரோட்டில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். "நிர்த்தெடா! வண்டி நிர்த்தெடா!"

இவர் பிரேக் பிடித்தார். வண்டி நின்றபோது என் தலை பின்னால் வளைந்து சக்கரத்துப் பக்கம் சரிந்திருந்தது. மகளை மட்டும் நான் விடவில்லை. அந்தச் சேச்சி முதலில் அவளைப் பறித்து அருகில் நின்ற ஒரு பெண்ணின் கையில் கொடுத்தார். அடுத்து என் கழுத்துக்கும் ஷாலுக்கும் நடுவே தன் விரல்களை நுழைத்து, மீன் கத்தியால் ஒரே இழுப்பில் துணியை அறுத்தார். மூச்சு வந்தது. முதலில் உள்ளே போனது மீன் வாடைதான். அதைவிட நல்ல வாசனையை நான் இதுவரை முகர்ந்ததில்லை.

இவர் வெளிறிப்போய் நின்றார். சேச்சி விடவில்லை. "முன்னில் லைட்டும் கோப்பும்! பொறகில ரெண்டு ஜீவன் இருக்குந்நது கண்டில்லே? ஒரு கம்பி உண்டோடா அவளுக்குப் பிடிக்கான்?" முன்னால் லைட்டெல்லாம் மாட்டியவன் கண்ணில் பின்னால் இருக்கும் இரண்டு உயிர் படவில்லையா, நான் பிடிக்க ஒரு கம்பியாவது உண்டா என்று கேட்டார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்ற ஒருவர் என்னைப் பார்த்து, மிகவும் அக்கறையாக, "பெங்ஙளே, ஷாலொக்கெ ஒதுக்கி வெச்சு இருக்கண்டே?" என்றார். நான் ஷாலை ஒதுக்கி உட்கார்ந்திருக்க வேண்டுமாம். உடனே இவருக்கும் வாய் வந்துவிட்டது. "நானும் சொல்வேன் சேட்டா. ஒழுங்கா சொருகிக்கிட்டு உக்காருன்னா கேக்கமாட்டா."

ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்கு ஆட்டோவில்தான் வந்தேன். மாமியார் என் கழுத்தில் சிவந்திருந்த கோட்டைப் பார்த்து அழுதார், எண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே, "நீயும் கொஞ்சம் சூட்சிச்சு இருக்கணும்ல, மோளே" என்றார். கவனமாக இருந்திருக்க வேண்டுமாம். தம்பி மனைவி போனில் அதையே சொன்னாள். கேட்டுக் கேட்டு நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்தேன். இன்னொரு பின் குத்தியிருக்கலாமோ? சின்ன ஷாலாகப் போட்டிருக்கலாமோ? கடலுக்குப் போக வேண்டாம் என்று மகளைச் சமாதானப்படுத்தியிருக்கலாமோ? சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இதே விசாரணை. குற்றவாளியும் நான், நீதிபதியும் நான்.

ஒரு மத்தியானம் மகளைத் தூங்கவைக்கும்போது, அவள் என் கழுத்துத் தழும்பைத் தொட்டு, "உம்மா, வண்டி கடிச்சதா?" என்று கேட்டாள். எனக்குள் ஏதோ அறுந்தது. ஆமாம், வண்டிதான் கடித்தது. கடிக்காமல் இருக்கத்தான் அதன் வாயில் ஒரு வலை கட்டியிருந்தது. அதைக் கழற்றியது நான் இல்லை.

மறுநாள் இவர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, நண்பரோடு கோடவுனுக்குப் போயிருந்தார். நான் தோப்பும்படியில் இருந்த அந்த வொர்க்ஷாப்புக்குப் போனேன். பெண்கள் போகும் இடம் இல்லை. எல்லோரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்ட வேண்டும், யாராவது வீட்டுக்கு வந்து மாட்டித் தாருங்கள் என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். "மோளே, ஹஸ்பண்ட் வந்நு பறயட்டே. அவரில்லே வண்டி ஓடிக்குந்நது?" வண்டி ஓட்டுகிற கணவர் வந்து சொல்லட்டுமாம்.

"ஓட்டறது அவருதான். பின்னாடி உக்கார்றது நான்" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. தலையை மூடியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கி, கழுத்தைக் காட்டினேன்.

அவர் சிரிப்பு நின்றது. கடையின் பின்பக்கம் கூட்டிப்போய், "நோக்கிக்கோ, இதில் ஏதா நிங்ஙளுடெ?" என்றார். எங்களுடையது எது என்று நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

சுவரோரம் ஒரு குவியல். முழுக்கச் சாரி கார்டுகள், கால் பலகைகள், கைப்பிடிக் கம்பிகள். சிலது துருப்பிடித்திருந்தது, சிலது ஷோரூமிலிருந்து வந்த கையோடு கழற்றியது போல மின்னியது. ஒவ்வொன்றும் ஒரு வண்டியிலிருந்து வந்தது. அந்த ஒவ்வொரு வண்டியிலும் இன்றைக்கும் யாரோ ஒருத்தி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டின் விளிம்பைப் பற்றியபடி போய்க்கொண்டிருப்பாள். அங்கே நின்றபோது எனக்கு வந்த கோபம் என் கணவர் மேல் மட்டும் இல்லை.

பச்சை நைலான் கயிறு அடியிலிருந்து தெரிந்தது. நானே இழுத்து எடுத்தேன். மெக்கானிக் என்னோடு ஒரு பையனை அனுப்பி, அன்றைக்கே எல்லாவற்றையும் வண்டியில் மாட்ட வைத்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியவர், வாசலில் வண்டியைப் பார்த்து, "என்னைக் கேக்காம என் வண்டியில எதுக்குக் கை வச்சே?" என்று கத்தினார்.

"நீங்க என்னைக் கேட்டா கழற்றினீங்க?" என்றேன். "இதைத் திரும்பக் கழற்றினா, நானும் புள்ளையும் இந்த வண்டியில ஏறமாட்டோம். கூட்டாளிங்களை ஏத்திக்கோங்க."

இன்றுவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கழற்றவும் இல்லை. குழியில் இறங்கும்போதெல்லாம் கார்டு கடகடவென்று ஆடும். நண்பர்கள் "அம்மாவா" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். நான் காலைப் பலகையில் ஊன்றி, பச்சைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

இப்போதும் ரோட்டில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் என் கண் முதலில் அதன் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. அங்கே கம்பி இல்லாவிட்டால், பின்னால் உட்கார்ந்திருப்பவள் எத்தனை முறை சொல்லிப் பார்த்து ஓய்ந்திருப்பாளோ என்று அந்தக் கோபம் புதிதாக மூண்டுவிடுகிறது.