பெரியப்பாவின் கம்பிவலைக் குழாய்

பெரியப்பாவின் உணவுக்குழாய்க்குள் கம்பிவலையால் ஆன குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, நான் போய் எங்கள் கோழிக்கூட்டு வலையைத்தான் பார்த்தேன். இப்படியொன்று ஒரு மனிதருக்குள் எப்படிப் போயிருக்கும்? எனக்கு அப்போது எட்டு வயது. முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் அவர்கள் இருந்தார்கள்.

அதற்கு முன் சில மாதங்களாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் சோறு நின்றது, பிறகு இடியப்பம், கடைசியில் கஞ்சியும் திரும்பி வந்தது. தொண்டைக்குக் கீழே ஏதோ அடைப்பு என்றார்கள். வயல் உழுத மனிதர் சைக்கிள் மிதிக்கவும் பெலனில்லாமல் மெலிந்துபோனார்.

குழாய் வந்தபின் கஞ்சி இறங்கியது. குழைத்த சோறும் இறங்கியது. ஆனால் பேக்கரிப் பாணும் இறைச்சித் துண்டும் கூடாது. நிமிர்ந்திருந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டைப் பெரியம்மா கல் வைத்து உயர்த்தியிருந்தார். எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன், சோடாவைத் தவிர. திருவிழாவுக்கு மட்டும் எங்களுக்குக் கிடைக்கும் சோடா, குழாயைக் கழுவவென்று அவருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கிடைத்தது.

"எனக்கும் ஒரு குழாய் வைக்கேலாதோ?" என்று கேட்டேன். பெரியப்பா இருமல் வரும்வரை சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டார்கள். எங்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி, அவருக்குப் பருப்பில் குழைத்த சோறு.

"அங்க பார், வேலியில மயில்!" என்றார் பெரியப்பா.

திரும்பிப் பார்த்தேன். வேலியில் ஒரு காகம்கூட இல்லை. என் தட்டிலிருந்த பெரிய துண்டும் இல்லை.

"அம்மா, என்ர இறைச்சி!"

அதற்குள் அவருடைய முகம் மாறிவிட்டது. நெஞ்சைப் பிடித்தபடி எழும்பினார். எச்சில்கூட இறங்காமல் வாயால் வழிந்தது. அப்பா ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தார். பெரியம்மா மட்டும் பதறவில்லை. சோடாவை ஊற்றி, "மெல்லக் குடியுங்கோ. ஒரு மிடறு காணும். இப்ப நடவுங்கோ" என்று கைபிடித்து விறாந்தையில் அவரை நடத்தினார். ஒரு மிடறு, கொஞ்ச நடை, இன்னொரு மிடறு. திடீரென்று பெரிய ஏப்பம் ஒன்று வந்தது.

"இறங்கிட்டுது" என்றார் பெரியப்பா.

அவரை யாரும் ஏசவில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. அது போதாதென்று, பின்னேரம் பெரியம்மா எங்கள் குசினிக்குள் போய், மிஞ்சிய இறைச்சியை மைபோல அரைத்துக் கஞ்சியில் கலந்து கொண்டுவந்தார். பெரியப்பா கண்களை மூடிக்கொண்டு கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார். பெரியம்மாதான் முதலில் சிரித்தார்.

குழாயை எப்போது கழற்றுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இனிக் கழட்டத் தேவையில்லையாம், பிள்ளை."

அப்படியென்றால் வருத்தம் மாறிவிட்டது என்றுதான் எனக்கு விளங்கியது. உடனே ஒழுங்கையில் இறங்கி, பெரியப்பாவுக்குச் சுகம் என்று வீடுவீடாகச் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்று சொன்னவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் புறப்பட்டு எதிரே வந்த பெரியப்பாவிடமும் சொன்னேன். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "ஓம், இனிப் பயமில்லை" என்றார்.

சுகமாகிறவர்களுக்குத்தான் குழாயைக் கழற்றுவார்கள் என்பது அந்த ஒழுங்கையில் தெரியாதவள் நான் ஒருத்திதான். துள்ளிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தேன்.