ஸ்டாப் இல்லாத இடத்தில் அடித்த பெல்

யாழினி, தர்ஷன், அப்பா எழுதியிருப்பதைப் படித்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்தான் நான். இன்றைக்கும் அதைப் பேய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தர்ஷன் பிறந்த சமயம். அம்மா ஆஸ்பத்திரியில், வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால் நாலு வயது யாழினியை நான் ஓட்டும் பஸ்ஸிலேயே என் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம், சரியான மழை. படகுத்துறை ஜெட்டியில் ஃபெரி ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு ரோட்டில் வந்து சிவப்பு விளக்கில் நின்றேன். பெல் அடித்தது.

"யாருலா அடிச்சது? இங்க ஸ்டாப் இல்லலா!"

மறுபடியும் பெல். யாருக்கோ அவசரம் போலிருக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், ஒருவரும் இறங்கவில்லை. கதவை மூடிக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஸ்டாப்பில், சுங்கை பினாங்கில் இருந்து எப்போதும் வருகிற அக்கா ஒருவர் காய்கறிப் பசார் பையோடு எழுந்து வந்தார்.

"தம்பி, பாப்பா எங்க?"

சீட் காலி.

பஸ்ஸை அப்படியே போட்டுவிட்டு மழையில் வந்த வழியே ஓடினேன். என் மகள் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு பக்கமும் காரும் மோட்டாரும் ஹாரன் அடித்தபடி போகின்றன, இவளோ பெரியவர் யாரோ பிடித்திருப்பது போல ஒரு கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாள். "யாழினி!" என்று கத்தினேன். யாரோ பிடியை விட்ட மாதிரி அந்தக் கை பொத்தென்று விழுந்தது. அள்ளித் தூக்கினேன். அவள் தலைமுடி நனையவே இல்லை.

"இங்க நின்னாதான் வண்டி நிக்குமாம்பா. அந்தத் தாத்தா சொன்னாரு."

"எந்தத் தாத்தா?"

"கைய இறுக்கிப் பிடிச்சாருப்பா. வலிச்சிச்சு."

அவள் நின்ற இடத்தில் தார் தேய்ந்து, பழைய டிராம் தண்டவாளம் வெளியே தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் டிராம் நடுரோட்டில்தான் ஓடியதாம், ஜனங்களும் நடுரோட்டில் நின்றுதான் ஏறுவார்களாம். இது எங்கள் டிப்போ மெக்கானிக் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். நாலு வயதுப் பிள்ளைக்கு யார் சொன்னது?

யாழினி, உனக்கு எதுவும் ஞாபகமில்லை. அம்மாவிடம் இதுவரை நான் சொன்னதுமில்லை.

அம்மா வீடு திரும்பிய மறுநாள் விடிகாலையில், யாருக்கும் தெரியாமல் அங்கே தனியாகப் போனேன். தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று, "ஐயா, அந்த வண்டிய நிறுத்தி ரொம்பக் காலமாச்சு, இனிமே வராது, பிள்ளைங்கள விட்டுருங்க" என்று சொன்னேன். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோமே, அதுபோல வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். பழக்கதோஷம்.

"வரேங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.